ஏறும் கருவி செய்யும் முன் விடிலிக்குப் போய் உட்காருங்கள்

கேள்வியை முதலில் சுருக்கமாக வைத்துவிடுகிறேன். திருநெல்வேலியில் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது: "நாங்கள் நான்கு பேர் சேர்ந்து பனையேறும் கருவி செய்கிறோம். திசையன்விளை, உடன்குடிப் பக்கம் போய் நாற்பது பனையேறிகளிடம் படிவம் நிரப்பி வாங்கினோம். கிட்டத்தட்ட எல்லோரும் கருவி வந்தால் வாங்குவோம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் எங்கள் ஆசிரியர் இது போதாது, இனவரைவியல் முறையில் கொஞ்ச நாள் கூட இருந்து பார்த்துவிட்டு வாருங்கள் என்கிறார். அது சமூகவியல் படிப்பவர்கள் செய்யும் வேலை இல்லையா? இயந்திரம் செய்கிறவனுக்கு அதில் என்ன இருக்கிறது?"

நிறைய இருக்கிறது தம்பி. நான் பிழைப்புக்காகச் செய்வதே இந்த வேலைதான். கருவியோ செயலியோ செய்ய நினைக்கும் நிறுவனங்களுக்காக முன்கூட்டியே போய், ஆட்களோடு இருந்து பார்த்து, எதைச் செய்யலாம் எதைச் செய்ய வேண்டாம் என்று வந்து சொல்வேன். என் ஊரும் திசையன்விளைக்குப் பக்கம்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த நாற்பது படிவம். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கல்லூரிப் பிள்ளைகள் வெயிலில் இத்தனை தூரம் வந்து, உங்களுக்காகத்தான் செய்கிறோம் என்று முன்னால் நிற்கும்போது, எனக்கு வேண்டாம் என்று சொல்ல நம் ஊரில் யாருக்கும் வாய் வராது. "நல்லாத்தான் இருக்கும் தம்பி, செய்யுங்க" என்பார்கள். நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல இது, அளந்தே பார்த்திருக்கிறார்கள். நிக்கோலா டெல் என்ற ஆய்வாளரும் பெங்களூர் மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்களும் 2012ல் வெளியிட்ட ஆய்வில், பெங்களூரில் 450 பேரிடம் இரண்டு தொழில்நுட்பங்களைக் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். கேட்கிறவரே செய்தது என்று அவர்கள் நினைத்த பொருளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்கு கூடியது. கேட்டவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டுக்காரர் என்றால் ஐந்து மடங்கு. உங்கள் படிவத்தில் விழுந்திருக்கும் 'ஆம்' எல்லாம் பெரும்பாலும் உங்களுக்கான மரியாதை. கருவிக்கான விலை அதில் இல்லை.

அடுத்தது ஏறுவது. தென்னைக்குக் கேரளத்தில் உருவான செம்பேரி மாதிரிக் கருவியைப் பார்த்திருப்பீர்கள், இரண்டு காலுக்கும் இரண்டு இரும்புச் சட்டம், மரத்தைச் சுற்றிக் கம்பிவடம், ஒன்று மாற்றி ஒன்றாகத் தூக்கிக்கொண்டே ஏறுவது. தென்னையில் அது ஓடுவதற்குக் காரணம் தென்னையின் வேலைமுறை. ஒரு மரத்தில் ஒன்றரை மாதம், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஏறிக் குலையை வெட்டிப் போட்டுவிட்டு இறங்கினால் போதும். பதநீர் எடுப்பவர் பருவம் முழுக்க அதே மரத்தில் காலையும் மாலையும் ஏற வேண்டும். கருவியை மாட்டிக் கழற்ற மரத்துக்கு மூன்று நிமிடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முப்பது மரம், இரண்டு வேளை. மாட்டிக் கழற்றுவதற்கே நாளைக்கு மூன்று மணி நேரம் போய்விடும். முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து, அதில் கால் வைத்து எட்டி, தளைநாரைக் காலில் போட்டுக்கொண்டு நெஞ்சு உரச ஒருவர் கொண்டைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு நாள் கடிகாரம் பிடித்துப் பாருங்கள், உங்கள் போட்டி எதோடு என்று தெரியும்.

அதைவிட முக்கியம் உச்சியில் நடப்பது. கருக்கு மட்டைகளுக்கு நடுவே உடம்பை நுழைத்து, மட்டையில் காலை ஊன்றி, இடுப்புப் பெட்டியிலிருந்து பாளை அரிவாளை எடுத்து, ஒவ்வொரு பாளையின் நுனியையும் மெல்லிசாகச் சீவி, கலயத்தில் ஊறியிருப்பதைக் குடுவையில் ஊற்றி, கலயத்துக்குள் சுண்ணாம்பைத் தடவி மறுபடி கட்ட வேண்டும். பாளைகள் ஒரே பக்கம் இருப்பதில்லை, கொண்டையைச் சுற்றி நகர்ந்தாக வேண்டும். உங்கள் கருவி ஆளை மட்டைக்குக் கீழே வரை கொண்டுபோய் நிறுத்தும். வேலை தொடங்குவதே அதற்கு மேலே. கருவியிலிருந்து காலை எடுத்து மட்டைக்குள் ஏறும் இடத்திலும், வேலை முடிந்து குடுவையோடு திரும்பக் கருவிக்குள் காலை விடும் இடத்திலும் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் வரைபடத்தில் பதில் வேண்டும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் இது தெரியாது. இறங்கியவரிடம் மேலே செய்ததைத் தரையில் செய்து காட்டச் சொன்னால் தெரியும்.

சரி, இதெல்லாம் பொறியியல் சிக்கல்தானே, தீர்த்துவிடலாம் என்பீர்கள். அப்படியே இருக்கட்டும். பதநீர் கீழே வந்துவிட்டது. அப்புறம் என்ன நடக்கிறது? நீங்கள் அனுப்பிய படிவத்தில் எல்லாக் கேள்வியும் ஏறுவதைப் பற்றியே இருக்கிறது, விடிலியைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் ஓலை வேய்ந்த தாழ்வான குடிசை, உள்ளே அடுப்பு, அதன் மேல் அகலமான பாத்திரம், அதுதான் விடிலி. பதநீரை வந்த வேகத்தில் காய்ச்சத் தொடங்க வேண்டும். போட்டு வைத்தால் புளிக்கும், புளித்தது கருப்பட்டியாக இறுகாது. மணிக்கணக்கில் தீ ஒரே மாதிரி நிற்க வேண்டும். பொங்கி வழியாமலிருக்க ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடுவார்கள். பாகு கெட்டியாகும் நேரத்தில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பதம் பார்த்து, இறக்கிக் கிண்டி, சிரட்டையில் ஊற்ற வேண்டும். கொஞ்சம் பிந்தினால் கருகல், கொஞ்சம் முந்தினால் இளகல், இரண்டுக்கும் விலை இறங்கும். இதைச் செய்வது பெரும்பாலும் பனையேறியின் மனைவி. ஓலை, மட்டை, உடைமுள் என்று விறகு சேர்ப்பதும் அவரே. சித்திரை வெயிலில், ஓலைக் கூரைக்குக் கீழே, புகைக்குள், அடுப்பை விட்டு எழுந்து போக முடியாமல் இருப்பவரும் அவரே.

ஒரு குடும்பம் எத்தனை பனை ஏறுவது என்பதை ஏறுகிறவரின் காலோடு சேர்ந்து காய்ச்சுகிறவரின் நேரமும் விறகும் முடிவு செய்கின்றன. உங்கள் கருவி உதவியால் அண்ணாச்சி இன்னும் பத்து மரம் ஏறினார் என்றால் அந்தப் பதநீரை யார் காய்ச்சுவது, எந்த விறகில்? உங்கள் நாற்பது படிவத்தில் ஒரு பெண்ணின் பதிலாவது இருக்கிறதா? உங்களைக் குறை சொல்ல இதைக் கேட்கவில்லை. மரம் ஏறுவது கஷ்டம் என்பது பஸ்ஸில் போகிறவர் கண்ணுக்கும் படும், அதனால் கருவி செய்ய வருகிற எல்லோரும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். குடிசைக்குள் இருக்கும் கஷ்டத்தைக் குடிசைக்குள் போய் உட்கார்ந்தவர்தான் பார்க்க முடியும். அப்படிப் பார்த்தால் நீங்கள் அடுப்பைத்தான் கையில் எடுப்பீர்கள் என்று நான் அடித்துச் சொல்லவும் மாட்டேன், நான் நினைத்திராத வேறொன்று கிடைக்கலாம். போகாமல் அது கிடைக்காது, அவ்வளவுதான்.

இயந்திரம் செய்கிறவர்கள் இப்படிக் கூட இருந்து பார்ப்பதைக் கையில் எடுத்தது புதிதும் இல்லை. முதல் உலகப்போர்க் காலத்தில் மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் பசிபிக் கடலின் டிரோபிரியாண்ட் தீவுகளில் கூடாரம் போட்டு, அவர்கள் மொழியைக் கற்று, அன்றாடம் நடப்பதை எழுதியது மானிடவியலுக்கு வழிமுறையாகிவிட்டது. அதைக் கம்பெனிக்குள் கொண்டுவந்ததில் முக்கியமான இடம் ஜெராக்ஸ், நாம் ஜெராக்ஸ் கடை என்கிறோமே அந்த ஜெராக்ஸ்தான். கலிபோர்னியாவில் இருந்த அதன் ஆய்வுக்கூடத்தில் லூசி சச்மன் என்ற மானிடவியலாளர் 1980களின் தொடக்கத்தில் ஒரு வேலை செய்தார். கம்பெனியின் புது நகல் இயந்திரம் புரியவில்லை என்று வாடிக்கையாளர்கள் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சச்மன் ஆட்களை இருவர் இருவராக அந்த இயந்திரத்தின் முன்னால் விட்டு, அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதோடு சேர்த்து வீடியோ எடுத்தார். இருவராக விட்டதுதான் சாமர்த்தியம், தனியாள் மனதுக்குள் குழம்புவார், இருவர் என்றால் குழப்பம் பேச்சாக வெளியே வரும். அதில் தடுமாறி நின்றவர்களில் கணினித் துறையில் பெரும் பெயர் பெற்ற அறிஞர்களே இருந்தார்கள். ஆகவே பயன்படுத்துகிறவருக்கு விவரம் போதாது என்று கைகழுவ வழியில்லாமல் போயிற்று. எந்தப் பொத்தானை அழுத்தினார், எந்த மூடியைத் திறந்தார் என்பது மட்டும்தான் இயந்திரத்துக்குத் தெரியும். எதற்காக அழுத்தினார் என்பது தெரியாது. இயந்திரம் ஒரு வேலையின் நடுவில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும், ஆள் இன்னொரு வேலையைத் தொடங்கிவிட்டதாக நினைப்பார், இரண்டும் எங்கே பிரிந்தன என்று வீடியோவில் அடிக்கு அடி பார்க்க முடிந்தது.

அதே இடத்தில் ஜூலியன் ஓர் என்பவர் நகல் இயந்திரம் பழுது பார்க்கும் ஆட்களோடு சுற்றினார். வேலை முறைப்படி கம்பெனி கொடுத்த கையேடு இருக்கிறது: இந்தப் பிழை எண் வந்தால் இதைச் செய் என்று. ஆனால் கையேட்டில் இல்லாத கோளாறுகள்தான் ஆளைப் படுத்துகிறவை. அவற்றை அவர்கள் தீர்த்தது சாப்பாட்டு மேஜையில், "எனக்கும் ஒரு தடவை இப்படித்தான் ஆச்சு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கதைகளால். வெளியிலிருந்து பார்க்கிற மேலாளருக்கு அது அரட்டை. ஜூலியன் ஓர் அதைத்தான் வேலையின் நடுப்பகுதி என்று காட்டினார். பிற்பாடு ஜெராக்ஸ், பழுதுபார்ப்பவர்கள் தங்கள் அனுபவக் குறிப்புகளைத் தாங்களே எழுதிப் பகிர்ந்துகொள்ளும் யுரேகா என்ற அமைப்பை உருவாக்கியதற்கு இந்தப் பார்வைதான் அடித்தளம். சாயங்காலம் டீக்கடையில் பனையேறிகள் பேசிக்கொள்வதைக் கேட்காமல் வந்துவிடாதீர்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான். எந்த மரம் பால் மறுத்தது, எந்தப் பாளையில் எப்படிச் சீவினால் ஊறியது என்ற அறிவு படிவத்துக்குள் வராது.

நல்ல பொருளே இருந்தாலும் ஊருக்குள் இறங்காமல் போவதற்கு ஓர் உதாரணம் பெருவிலிருந்து. 1950களில் எட்வர்ட் வெலின் எழுதியது. லாஸ் மோலினோஸ் என்ற கிராமத்தில் சுகாதாரப் பணியாளர் ஒருவர் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று இரண்டு வருடம் வீடு வீடாகப் போனார். 200 குடும்பங்களில் புதிதாக மாறியது 11 தான். அந்த ஊரில் உணவு, மருந்து எல்லாமே சூடு, குளிர்ச்சி என்று பிரிந்திருந்தன, காய்ச்சிய தண்ணீர் நோயாளிக்கு உரியது, நல்ல உடம்புக்காரர் குடிக்க மாட்டார். உடம்புக்குச் சூடு, குளிர்ச்சி என்று தினமும் பேசுகிற நமக்கு அந்த ஊர்க்காரர் மனம் எளிதாகப் புரியும். கிருமியைப் பற்றி எத்தனை முறை விளக்கினாலும், அவர்கள் கணக்கில் தண்ணீருக்கு என்ன இடம் என்று தெரியாதவரின் பேச்சு எடுபடவில்லை.

மாறாக, கவனித்ததால் பொருளே மாறிய கதையும் உண்டு. கென்யாவில் எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவையை முதலில் சிறுகடன் தவணை கட்டுவதற்காகச் சோதித்துப் பார்த்தார்கள். மக்கள் அதை வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். அதைத் தவறான பயன்பாடு என்று தடுக்காமல், வீட்டுக்குப் பணம் அனுப்பும் சேவையாகவே 2007ல் வெளியிட்டார்கள். நம் பக்கத்தில் வீராம்பட்டினம் இருக்கிறது. புதுச்சேரிக் கிராமங்களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ல் தொடங்கிய தகவல் மையங்களில் ஒன்று அந்த மீனவர் ஊரில். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, அதை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கணினித் திரைக்கு முன்னால் மீனவர் வந்து உட்கார வேண்டும் என்று எதிர்பார்க்காமல், அவர் வலையைச் சரிபார்க்கும் கரையில் காதுக்குப் போய்ச் சேர்த்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது.

எண்ணிக்கை ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எவ்வளவு என்று தெரிய எண்ணித்தான் ஆக வேண்டும். ராபர்ட் ஜென்சன் கேரளக் கடற்கரையில் 1997 முதல் 2001 வரை மத்தி மீன் விலையைத் தொடர்ந்து பதிவு செய்து, கைபேசி வந்த பிறகு கரைக்குக் கரை இருந்த விலை வித்தியாசம் சுருங்கியதையும், விற்காமல் வீணான 5 முதல் 8 சதவீத மீன் வீணாவது நின்றதையும் காட்டினார். எண்ணாமல் இதைச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் நீங்கள் நம் கடற்கரை ஊர்களான உவரியிலோ கூத்தங்குழியிலோ அதே மாதிரி ஒரு விலைச் செயலி செய்யப் போனால், நான் முதலில் கேட்பது வேறு: இந்த வள்ளத்துக்கு முன்பணம் கொடுத்தவர் யார், அவருக்குத்தான் மீனைப் போட வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறதா? இருந்தால் அடுத்த கரையில் விலை கூட என்று தெரிந்து மீனவருக்கு என்ன பயன்? பனையிலும் இதே கேள்வி உண்டு. மரம் யாருடையது, பாட்டமா (குத்தகை) வாரமா (விளைச்சலில் பங்கு), கருப்பட்டி வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறாரா? கூடுதலாகக் கிடைக்கும் பதநீரின் காசு யார் கைக்குப் போகும் என்று தெரியாமல் கருவியின் விலையை நீங்கள் முடிவு செய்ய முடியாது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். நீங்கள் போகிற பாதையில் இடையன்குடி வரும். 1841லிருந்து அங்கே இருந்த கால்டுவெல்லை நமக்கு மொழி ஆராய்ச்சிக்காகத் தெரியும். அவர் 1849ல் பனையேறும் மக்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவ்வளவு பக்கத்தில் வாழ்ந்தவர், அவர்களுடைய அறிவையும் பழக்கங்களையும் தாழ்த்தி எழுதினார். பிற்காலத்தில் அந்தச் சமூகத்தார் அதைப் படித்துக் கடுமையாக எதிர்த்தார்கள், நூல் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது. பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று நமக்கு வேண்டாம். உங்கள் அறிக்கையை அந்த அண்ணாச்சியின் பேத்தி ஒரு நாள் படிப்பாள் என்று நினைத்துக்கொண்டே எழுதுங்கள். பனையேறிகள் தங்கள் தொழிலை இழிவாகப் பேசிய பேச்சுகளைக் கேட்டுச் சலித்தவர்கள். "பனையேறுறான்னா பொண்ணு தர மாட்டேங்காவ" என்று ஒரு தாய் சொன்னால், இளைஞர்கள் ஏன் இந்தத் தொழிலுக்கு வரவில்லை என்ற உங்கள் கேள்விக்கு உயரமும் ஆபத்தும் மட்டும் விடை இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். கருவி இருந்தால் அது மாறுமா என்றும் அவர்களிடமே கேளுங்கள்.

எப்படிப் போவது என்றால், கருவியின் படத்தைக் கையில் கொண்டுபோகாதீர்கள். கண்டதும் பேச்சு அதைப் பற்றியே ஆகிவிடும். தெரிந்த ஒருவர் மூலம் போங்கள், கருப்பட்டிக் கடைக்காரர், கோயில் ஆள், கூட்டுறவுச் சங்கத்துக்காரர் யாராவது. தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை இருப்பதால் கலயத்தை எட்டிப் பார்க்க வருகிறவர்களை அவர்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள், செல்போனைத் தூக்கிப் படம் எடுக்க ஆரம்பித்தால் பேச்சு நின்றுவிடும். கேட்டுவிட்டுப் பிறகு எடுங்கள். விடியுமுன் எழுந்து அவரோடு காட்டுக்குப் போங்கள், பிறகு விடிலியில் உட்காருங்கள். உங்கள் நால்வரில் ஒரு பெண் இருந்தால் விடிலிக்கு அவர் போவது நல்லது. வேண்டுமா, பிடிக்குமா என்ற கேள்விகளை விட்டுவிட்டு நேற்றைய நாளைச் சொல்லச் சொல்லுங்கள்: எத்தனை மரம், எதை ஏன் விட்டீர்கள், விறகு எங்கிருந்து வந்தது. கையில் இருக்கும் பொருளைப் பற்றிக் கேளுங்கள். இந்த அரிவாளை யார் அடித்தது, பிடியில் ஏன் துணி சுற்றியிருக்கிறது, இந்தத் தளையில் ஏன் இங்கே மட்டும் டயர் வார்? ஆட்கள் தாங்களே செய்துகொண்ட இந்த மாதிரிச் சின்னத் திருத்தங்களில் தேவை எழுதிவைத்த மாதிரி தெரியும். இரவே குறிப்பு எழுதுங்கள், பார்த்தது ஒரு பக்கம், உங்களுக்குத் தோன்றியது எதிர்ப்பக்கம். இரண்டையும் கலக்காதீர்கள். ஏறுவதை விட்டுவிட்டு மளிகைக் கடை வேலைக்குப் போனவர்களையும் தேடிப் பேசுங்கள், அவர்கள் சொல்வது தொழிலில் இருப்பவர் சொல்வதை விட வெளிப்படையாக இருக்கும். அவர்கள் நேரத்தை எடுத்துக்கொண்டால் ஈடு செய்யுங்கள், கருப்பட்டியைக் கேட்ட விலைக்கு வாங்குங்கள், கடைசியில் என்ன கண்டுபிடித்தீர்கள் என்று போய்ச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஆசிரியரிடம் ஒன்றைப் பேசி முடித்துவிடுங்கள். பார்த்துவிட்டு வந்த பிறகு திட்டத்தின் தலைப்பை மாற்ற அனுமதி உண்டா? கருவி முடிவான பிறகு போனால் அது ஆய்வு இல்லை, ஒப்புதல் கையெழுத்து வாங்கப் போவது. பெரிய நிறுவனங்களிலேயே இந்த வேலை வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், எல்லாம் தீர்மானமான பிறகு எங்களைக் கூப்பிட்டு நாலு படம், நாலு பேச்சு கொண்டுவரச் சொல்வார்கள். அனுமதி கிடைத்தால் மாசி, பங்குனியில் பாளை சீவத் தொடங்கும் நேரத்திலேயே போய்விடுங்கள், ஆடி தாண்டினால் விடிலியில் அடுப்பு இருக்காது. போய் வந்து குறிப்புகளோடு எழுதுங்கள். ஒரு நாள் பதநீர் காய்ச்சுவதற்கு எவ்வளவு விறகு, எத்தனை மணி நேரம், எவ்வளவு பதநீருக்கு எவ்வளவு கருப்பட்டி, இந்த மூன்றையும் நேரில் அளந்து கொண்டுவந்தால் என்ன செய்யலாம் என்று மேற்கொண்டு பேசலாம்.